மஞ்சள் கேட்டுக்குப் பின்னால்

நுழைவுக் கட்டணம் 1 டாலர் 60 சென்ட். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்! மலை ஓட்டக்காரர்கள் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பார்க்லி மாரத்தானில் ஓட அவ்வளவுதான் காசு. கூடவே ஒரு கார் நம்பர் பிளேட், ஒரு கட்டுரை. பேனர் இல்லை, ஸ்பான்சர் இல்லை, பரிசுத்தொகை இல்லை, கழுத்தில் போட ஒரு பதக்கம்கூட இல்லை. 60 மணி நேரத்துக்குள் காட்டையும் மலையையும் ஐந்து சுற்று சுற்றி வர வேண்டும். 1986இல் தொடங்கிய இந்த ஓட்டத்தை 2025 வரை முழுசாக முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இருபதே பேர்.

அந்த இருபது பேரின் சாகசத்தை எழுதாதவர் இல்லை. எனக்கோ இந்த ஓட்டம் எப்படி நடத்தப்படுகிறது என்பதில்தான் தீராத ஆசை. தேதியை யார் குறிக்கிறார்கள்? காட்டுக்குள் புத்தகத்தை யார் ஒளித்து வைக்கிறார்கள்? ஓடி வந்தவர் நிஜமாகவே ஓடினாரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ராத்திரி மூன்று மணிக்குச் சங்கு ஊதினால் என்ன ஆகும்? திரையை ஓரமாக விலக்கி எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய ஏற்பாட்டுக் குழுவும் கிடையாது. தாடிக்காரர் ஒருவர், அவருடைய சில நண்பர்கள், மர அடுப்பில் கோழி. அவ்வளவுதான். இவர்களை வைத்துக்கொண்டு உலகமே பேசும் ஒரு ஓட்டத்தை நடத்துகிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாருங்கள், உள்ளே போவோம்.

இடம், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வார்ட்பர்க் என்ற சின்ன ஊரை அடுத்த ஃப்ரோஸன் ஹெட் மாநிலப் பூங்கா. சுமார் 24,000 ஏக்கர் காடு. உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பூங்காவுக்குப் பெயர் தந்த ஃப்ரோஸன் ஹெட் சிகரமே 3,324 அடிதான். ஆல்ப்ஸில் ஓடிப் பழகியவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் இவ்வளவுதானா என்று நினைக்கலாம். முதல் சுற்றிலேயே அந்த நினைப்பு போய்விடும். வளைந்து நெளிந்து ஏறுகிற பேச்சே இங்கே இல்லை. நேரே ஏற்றம், நேரே இறக்கம், உடனே அடுத்த மலை. ஐந்து சுற்றும் முடித்தால் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 60,000 அடி. கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு இரண்டு முறை ஏறினால் வருகிற கணக்கு. ஒரு சுற்றுக்கு 20 மைல் என்பது அதிகாரபூர்வ அறிவிப்பு. ஓடியவர்களைக் கேளுங்கள், 26 மைலுக்குக் குறையாது என்று அடித்துச் சொல்வார்கள். ஜிபிஎஸ் வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் அந்தப் பஞ்சாயத்து இன்றுவரை தீரவில்லை.

தாடிக்காரரின் பெயர் கேரி கான்ட்ரெல். கணக்கெழுதும் வேலை பார்த்தவர். ஓட்ட உலகத்துக்கு அவர் லாசரஸ் லேக், சுருக்கமாக லாஸ். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, கம்பளித் தொப்பி, விரலிடுக்கில் சிகரெட். நண்பர் கார்ல் ஹென்னுடன் சேர்ந்து இந்த ஓட்டத்தை ஆரம்பித்தார். தன்னோடு ஓடிக்கொண்டிருந்த பாரி பார்க்லி என்ற தோழரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்.

ஆரம்பித்த காரணம் ஒரு சிறை உடைப்பு! பூங்காவை ஒட்டி பிரஷி மவுண்டன் என்ற பழைய சிறைச்சாலை இருக்கிறது. 2009இல்தான் மூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற குற்றத்துக்காக அங்கே அடைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977 ஜூனில் மதிலேறிக் குதித்துக் காட்டுக்குள் ஓடினார். பெரும் படையே தேடிப் போனது. 54 மணி நேரத்துக்கு மேல் அலைந்து திரிந்து, இலைச் சருகுக்குள் ஒளிந்திருந்தபோது பிடிபட்டார். அத்தனை நேரத்தில் அவர் தாண்டியிருந்த தூரம் எட்டு மைல் அளவுதான். செய்தியைக் கேட்ட லாஸுக்கு, அந்த நேரத்தில் நான் நூறு மைலாவது போயிருப்பேனே என்று தோன்றியதாம். தோன்றியதோடு விட்டிருந்தால் நமக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. 1986இல் முதல் ஓட்டம். ஒருவரும் முடிக்கவில்லை. பிறகு நூறு மைல் என்று தூரத்தை நீட்டினார்கள். அதை முதன்முதலில் முடித்தவர் இங்கிலாந்தின் மார்க் வில்லியம்ஸ். 1995இல், 59 மணி 28 நிமிடம் 48 விநாடியில்.

இதில் சேருவது எப்படி? ரகசியம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. விண்ணப்பப் படிவம் எங்கும் கிடைக்காது. எந்த நாளில், எந்த நேரத்தில், யாருக்கு எழுத வேண்டும் என்பது முன்பு ஓடியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தேடிப் பிடித்து, நம்பிக்கை சம்பாதித்து, மெல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டவர்களும் வெளியே மூச்சு விடுவதில்லை. அடுத்து, தன்னை ஏன் பார்க்லியில் ஓட விட வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். இடமோ சுமார் நாற்பது பேருக்கு. தேர்வானவர்களுக்கு லாஸிடமிருந்து ஒரு கடிதம் வரும். அது இரங்கல் கடிதம்! உங்களுக்கு நேரப்போகும் துன்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்கிற பாவனையில் இருக்கும். அந்த இரங்கல் கடிதம் வந்த நாளில் துள்ளிக் குதிக்காத ஓட்டக்காரர் கிடையாது.

முதல் முறை வருபவர்கள் தங்கள் மாநிலத்தின் அல்லது நாட்டின் கார் நம்பர் பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஓடி முடிக்க முடியாமல் போய் மறுபடி வருபவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு பொருள். ஒரு வருஷம் வெள்ளைச் சட்டை, ஒரு வருஷம் காலுறை, இன்னொரு வருஷம் ஃபிளானல் சட்டை. லாஸின் பீரோவில் எது தீர்ந்துபோயிருக்கிறதோ அது! முழுசாக முடித்த பெருமைக்குரியவர்கள் திரும்ப வந்தால் ஒரு பாக்கெட் கேமல் சிகரெட் போதும். ஒரு மனிதரின் சட்டையும் காலுறையும் இப்படியா சேரும் என்று முதலில் படித்தபோது வியந்து போனேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் பணம் புரளும் ஓட்டங்கள் நிறைந்த காலம் இது. இங்கே யாரும் யாரிடமும் பணம் பண்ணவில்லை என்பதற்கு அந்தக் காலுறையைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா?

அந்த நம்பர் பிளேட்டுகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முகாமில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் ஒரு பக்கம், நீளமான ஐரோப்பியத் தகடுகள் ஒரு பக்கம். மஞ்சள், வெள்ளை, நீலம். சில வளைந்து நசுங்கியவை, சில துருவேறியவை. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். ஒவ்வொரு தகடும் இங்கே வந்து மோதிப் பார்த்த ஒரு ஆள். இந்த ஓட்டத்துக்கு விளம்பரத் தட்டி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வேறெந்த விளம்பரமும் இந்த அழகுக்குப் பக்கத்தில் வர முடியாது என்பேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் முகாம் கல்யாண வீட்டின் முதல் நாள் ராத்திரிதான். கூடாரங்களுக்கு நடுவே சொந்தபந்தங்கள், பழைய ஓட்டக்காரர்கள், குழந்தைகள், நாய்கள். லாஸ் கோழித் தொடைகளை வாட்டிக்கொண்டிருப்பார். வெளியே கருகி, உள்ளே உறைபனி விடாமல் இருப்பதுதான் அந்தக் கோழியின் பாரம்பரியம். நாளைக்கு 20 மைல் மலையேற வேண்டிய வயிறு இது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு துண்டாவது வாயில் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு மேசையில் வரைபடம் ஒன்று விரிக்கப்படும். அது ஒன்றுதான் மூலப்பிரதி. ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு வரைபடமும் பேனாவுமாகச் சுற்றி நின்று பாதையைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொள்கிறார்கள். இந்த வளைவு எந்த ஓடையை ஒட்டி வருகிறது, இந்தப் புத்தகம் மேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? ஒரு மில்லிமீட்டர் தவறினால் நாளைக்குக் காட்டில் இரண்டு மணி நேரம் போய்விடும். கையில் வழிக்குறிப்பு என்று சில தாள்களும் கொடுக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வரிக்கு அர்த்தம் புரியும். மேசையைச் சுற்றி நிற்பவர்களில் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கணிசம். 2012இல் 52 மணி 3 நிமிடம் 8 விநாடியில் முடித்துச் சாதனை படைத்த பிரெட் மான், இயற்பியலாளர். அந்தச் சாதனையை யாரும் இன்னும் தொடவில்லை. கால் மட்டும் போதாது, தலையும் சேர்ந்து ஓட வேண்டிய ஓட்டம் இது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

போன் கிடையாது, ஜிபிஎஸ் கடிகாரம் கிடையாது. திசைகாட்டி, வரைபடம், போட்டி நேரத்துக்குச் சரிசெய்து தரப்படும் ஒரு மலிவுக் கைக்கடிகாரம். தீர்ந்தது சாமான் பட்டியல்.

ஆமாம், நம்பர் ஒன் எண் யாருக்கு என்று சொல்லவில்லையே! மற்ற ஓட்டங்களில் போன ஆண்டு ஜெயித்தவருக்குக் கொடுப்பார்கள். இங்கே அது, ஒரு சுற்றுகூடத் தாண்டமாட்டார் என்று லாஸ் கணிக்கும் ஆளுக்கு. ‘நரபலி’ என்றே அவரைக் கூப்பிடுகிறார்கள்.

எத்தனை மணிக்கு ஆரம்பம்? அது லாஸுக்கு மட்டும் தெரியும். நள்ளிரவு 12 முதல் மதியம் 12 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். கூடாரத்துக்குள் நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருக்கிறார்கள். திடீரென்று சங்கு! ஆமாம், சங்கேதான். லாஸ் சங்கை எடுத்து ஊதினால் இன்னும் சரியாக ஒரு மணி நேரம். கூடாரம் கூடாரமாக விளக்கு எரிகிறது. பல் தேய்க்கிறவர், ஷூ லேஸை மூன்றாவது முறை கட்டுகிறவர், வாயில் ரொட்டியோடு வரைபடத்தை மடிக்கிறவர். மணி நெருங்க நெருங்க எல்லோரும் மஞ்சள் கேட் முன்னால் கூடுகிறார்கள்.

அந்த கேட்டை ஏதோ பெரிய தோரணவாயில் என்று எண்ணிவிடாதீர்கள். காட்டுச் சாலைக்குள் வண்டி போகாமல் தடுக்க வனத்துறைக்காரர்கள் குறுக்கே வைக்கிற இரும்புத் தடுப்பு. மஞ்சள் பெயின்ட். தொடக்கமும் அதுதான், முடிவும் அதுதான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கையால் அதைத் தொட வேண்டும். தொட்டால்தான் சுற்று முடிந்ததாகக் கணக்கு. துப்பாக்கி வெடிப்பதில்லை, கவுன்ட் டவுன் இல்லை. லாஸ் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். நுனி சிவந்ததும் ஓட்டம் தொடங்கிவிட்டது! நாற்பது பேரும் அவரைத் தாண்டிக்கொண்டு இருட்டுக்குள் ஏறுகிறார்கள்.

இனிமேல் அவர்களை யாரும் பார்க்க முடியாது. சாப்பாட்டுப் பந்தல் இல்லை, வழிகாட்டும் ரிப்பன் இல்லை. பாதையில் தண்ணீர் வைக்கப்படுவது இரண்டே இடத்தில், குளிரில் அதுவும் உறைந்து கிடக்கலாம். வழக்கமாக ஓட்டம் நடக்கும் வசந்தகாலத் தொடக்கத்தில் ஒரே நாளில் வெயில், மழை, பனி, மூன்றடி தள்ளி நிற்பவர் தெரியாத மூடுபனி எல்லாம் வந்து போகும்.

மலைச்சரிவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டாலே போதும்: ராட் ஜா, லிட்டில் ஹெல், பிக் ஹெல், செக்மேட் ஹில், ஹில்பொகலிப்ஸ். நரகத்திலேயே சின்னது ஒன்று, பெரியது ஒன்று! இவற்றில் ராட் ஜா என்பது மின்கம்பிக்காகக் காட்டை வெட்டிய செங்குத்துச் சரிவு. இடுப்புயரம் முட்கொடிகள். ஏறி முடித்தவர்களின் காலைப் பார்த்தால் தொடையிலிருந்து கணுக்கால் வரை சிவப்புக் கோடுகள். உச்சியில் காட்டுத்தீ கண்காணிக்கும் பழைய கோபுரம் ஒன்று நிற்கிறது. வெளியாள் போய் நின்று பார்க்க அனுமதியுள்ள மிகச் சில இடங்களில் அது ஒன்று. கீழே மூடப்பட்ட சிறைச்சாலை. அதன் அடியில் ஓடும் வடிகால் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். கும்மிருட்டு, கணுக்கால் நனையும் தண்ணீர். எந்த மதிலைத் தாண்டி ரே தப்பினாரோ அதே மதிலோரமாக ஓட்டக்காரர்கள் கடந்து போகிறார்கள். கதை பிறந்த இடத்தையே பாதைக்குள் இழுத்துப் போட்ட யோசனை இருக்கிறதே, அதற்காகவே லாஸுக்கு ஒரு கும்பிடு.

இப்போது நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த கட்டம்: புத்தகங்கள்!

பாதை நெடுக ஒரு டஜனுக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் புத்தகங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பழைய பேப்பர்பேக் நாவல்கள். தலைப்பைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்படி, சாவு, இருட்டு, தோல்வி என்று தேடித் தேடி எடுப்பது லாஸின் வழக்கம். மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ செருகியிருப்பார்கள். ஓட்டக்காரர் தன் எண் என்னவோ அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொள்ள வேண்டும். எண் 37 என்றால் 37ஆம் பக்கம். அடுத்த சுற்றுக்கு வேறு எண், அதனால் வேறு பக்கம்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணி. மழை. தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பாறைக்கு அடியில் கையை விடுகிறார். பை கிடைத்துவிட்டது! ஜிப்பைத் திறக்க விரல் மடங்கவில்லை, பல்லால் இழுக்கிறார். ஈரக் கையால் பக்கம் புரட்டினால் மூன்று நான்கு தாள் ஒட்டிக்கொண்டு வருகிறது. 35, 39, ஐயோ, 37 எங்கே? இருக்கிறது. கிழிக்கும்போது பாதியில் போய்விடக் கூடாது, அவசரத்தில் அடுத்தவர் பக்கம் சேர்ந்து வந்துவிடக் கூடாது. மடித்துத் தன் பையில் பத்திரப்படுத்தி, புத்தகத்தை மூடிப் பையில் போட்டு, பின்னால் வருகிறவருக்காக எடுத்த இடத்திலேயே வைக்கிறார். கேமரா இல்லை, நடுவர் இல்லை. போட்டியாளருக்காக மழையில் நின்று பையின் வாயை ஒழுங்காக மூடுகிற அந்தச் சில விநாடிகள் எனக்கு இந்த ஓட்டத்திலேயே மிக அழகான இடம்.

சுற்றை முடித்து கேட்டைத் தொட்டதும் வேறெதற்கும் முன்னால் பக்கங்களை நீட்ட வேண்டும். லாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். சேறு ஒட்டிய தாள், கசங்கி உருண்டையான தாள், வியர்வையில் ஊறிக் கிழியக் காத்திருக்கும் தாள். ஒன்று, இரண்டு, மூன்று… சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே எண்ணுகிறார்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தச் சுற்று செல்லாது. கோடிக்கணக்கில் செலவு செய்து சிப்பும் சென்சாரும் வைக்கும் ஓட்டங்கள் சாதிப்பதை, பழைய புத்தகக் கடையில் சில டாலருக்கு வாங்கிய நாவல்கள் சாதித்துவிடுகின்றன!

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே முகாமில் நடப்பது தனி நாடகம். கடிகாரம் நிற்காது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் 60 மணி நேரத்திலிருந்துதான் போகிறது. உதவிக்கு வந்தவர்கள் காலுறையை உருவுகிறார்கள், கொப்புளத்தைத் துடைக்கிறார்கள், வாயில் சூப்பை ஊற்றுகிறார்கள், பையில் அடுத்த பதின்மூன்று மணி நேரத்துக்கான தீனியை அடைக்கிறார்கள். ஓட்டக்காரர் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். பத்து நிமிடம் கழித்து எழுப்ப வேண்டியதும் இவர்கள் வேலை. எழுப்புகிறவர் மனைவியாகவோ கணவனாகவோ இருப்பார். தூங்கவிடலாமா என்று ஒரு கணம் மனம் இளகும். ஆனாலும் தோளைப் பிடித்து உலுக்குவார்கள். திரும்பவும் காட்டுக்குள் அனுப்புவதுதான் அங்கே பாசம்.

திசையிலும் விளையாட்டு உண்டு. சில சுற்றுகள் கடிகாரச் சுற்று, சில எதிர்ச்சுற்று. அதனால் ஏறின மலையை இறங்கவும், இறங்கின மலையை ஏறவும் வேண்டும். ஐந்தாவது சுற்றுக்கு முதலில் கிளம்புகிறவர் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்து வருகிறவர் எதிர்த்திசையில்தான் போக வேண்டும். நான்கு சுற்றாகத் தோளோடு தோள் சேர்ந்து வந்தவர்களைக் கடைசிச் சுற்றில் பிரித்துவிடுகிற ஏற்பாடு இது. கொடூரம்தான், ஆனால் எவ்வளவு கச்சிதம்!

பாதியில் கைவிடுகிறவருக்கு மரியாதை இல்லாமல் இல்லை. முகாமுக்குத் திரும்பியதும் ஊதுகுழலில் ‘டாப்ஸ்’ வாசிக்கிறார்கள். அமெரிக்க ராணுவ இறுதிச்சடங்கில் வாசிக்கும் மெட்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ராத்திரி எந்நேரமானாலும். கூடாரத்தில் இருப்பவர்கள் ஊதுகுழல் சத்தத்தை வைத்தே இன்னும் காட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கைவிடுவதும் லேசு இல்லை. முடிவெடுத்த இடத்திலிருந்து முகாமுக்கு நடந்தே வர வேண்டும், அதற்கே பல மணி நேரம் ஆகலாம். 2006இல் 75 வயது டான் பேக்லியோன் இரண்டாவது மைலுக்கு அருகே வழி தவறி, முகாம் வந்து சேர 32 மணி நேரம் ஆனது. அந்த வயதில் தனியாக ஒரு இரவைக் காட்டில் கழித்து நடந்தே திரும்பியவர்! அவர் பெயரை பார்க்லிக்காரர்கள் இன்றும் பிரியமாகச் சொல்கிறார்கள்.

தூக்கமில்லாத மூளை என்னென்ன காட்டும் என்பதற்கு இங்கே கதைகள் ஏராளம். பெல்ஜியத்தின் கரெல் சாபே 2022இல் வழிதவறி மலையை விட்டே இறங்கிவிட்டார். குப்பைத்தொட்டியை ஆள் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார். கடைசியில் போலீஸ் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த ஆண்டே திரும்ப வந்து 59 மணி 53 நிமிடத்தில் முடித்தார் மனிதர்!

2017ஐச் சொல்லாமல் தாண்ட மாட்டேன். ஜான் கெல்லி இந்த மலைகளை ஒட்டிய குடும்பப் பண்ணையில் வளர்ந்தவர். கண் திறந்த நாளிலிருந்து பார்த்த மலை. ஐந்தாவது சுற்றில் குளிர் தாங்காமல், காட்டில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை மேலே மாட்டிக்கொண்டு, எங்கோ கண்டெடுத்த ஆரஞ்சுத் தொப்பியோடு கேட்டை நோக்கி வந்தார். 59 மணி 30 நிமிடம் 53 விநாடி. எதிர்த்திசையில் கனடாவின் கேரி ராபின்ஸ் இன்னும் காட்டில். நேரம் கரைகிறது. 60 மணி முடிந்து ஆறு விநாடி ஆனபோது ராபின்ஸ் ஓடி வந்து கேட்டைத் தொட்டுச் சரிந்தார். கையில் எல்லாப் பக்கங்களும் இருந்தன. ஆனால் வந்த வழி தப்பு. கடைசி மலையில் மூடுபனிக்குள் தடம் மாறி, பாதையில் இரண்டு மைல் விட்டுப்போயிருந்தது. அந்த ஆறு விநாடியைப் பற்றி உலகமே பேசியது. லாஸ் மட்டும், முன்னதாக வந்திருந்தாலும் கணக்கில் சேர்ந்திருக்காது என்று விளக்கிச் சொன்னார். வருத்தமாக இருக்கலாம், ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் நான் லாஸ் கட்சி.

2018, 2019, 2021, 2022 என்று யாருமே முடிக்காத ஆண்டுகள் போயின. 2020இல் கொரோனாவால் ஓட்டமே இல்லை. 2023இல் மூவர். அப்புறம் 2024 மார்ச்!

அந்த ஆண்டு முதலில் வந்தவர் உக்ரைனில் பிறந்து கனடாவில் வாழும் இஹோர் வெரிஸ். அடுத்து கெல்லி, மூன்றாவது முறையாக. பிறகு ஜாரெட் கேம்ப்பெல், யாரும் செய்யாத நான்காவது முறை. அப்புறம் நியூசிலாந்தின் கிரெய்க் ஹாமில்டன். நால்வர் ஒரே ஆண்டில் முடித்தது அதுவரை நடக்காதது. ஆனால் முகாமில் ஒருவர்கூட இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்தாவது ஆள் இன்னும் வெளியே இருந்தார். ஜாஸ்மின் பாரிஸ், எடின்பரா பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர், இரண்டு குழந்தைகளின் தாய். 2019இல் 268 மைல் ஸ்பைன் ரேஸில் ஆண் பெண் அத்தனை பேரையும் முந்தி ஜெயித்தவர். நடுவே நின்று, வீட்டில் இருந்த கைக்குழந்தைக்காகத் தாய்ப்பாலைப் பீய்ச்சிவிட்டு மறுபடி ஓடியவர். பார்க்லிக்கு 2022, 2023 என்று இரண்டு முறை வந்து திரும்பிப் போனவர். ஒரு பெண்ணால் இதை முடிக்க முடியாது என்று லாஸ் வெகுகாலமாகச் சீண்டிக்கொண்டேதான் இருந்தார்.

59 மணி 55 நிமிடம். ஆளைக் காணோம். 57. சாலையின் வளைவில் கூச்சல் கேட்கிறது. வருகிறார்! ஏறக்குறைய 60 மணி நேரம் அலைந்த கால், கடைசி ஏற்றத்தில் நிஜமாகவே ஓடுகிறது. இரு பக்கமும் நின்றவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கேட்டைத் தொட்டார், அங்கேயே சரிந்து உட்கார்ந்தார். 59 மணி 58 நிமிடம் 21 விநாடி. மிச்சம் 99 விநாடி! பார்க்லியை முழுசாக முடித்த முதல் பெண். கம்பியைப் பிடித்தபடி கண்மூடிச் சரிந்திருக்கும் அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அந்த நிமிடங்களை நேரலையில் பார்த்தவர்கள் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். முகாமிலிருந்து ஒரே ஒருவர் சமூக ஊடகத்தில் போட்ட இரண்டு வரிக் குறிப்புகள்தான் வெளியுலகத்துக்குக் கிடைத்த செய்தி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அந்த இரண்டு வரிக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 2014இல் அன்னிகா இல்டிஸும் டிமதி கேனும் எடுத்த ஆவணப்படம் வந்த பிறகு பார்க்லியின் புகழ் எங்கோ போய்விட்டது. லாஸ் நினைத்திருந்தால் கட்டணத்தை ஆயிரம் டாலர் ஆக்கியிருக்கலாம், நானூறு பேரைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நாற்பது பேர் என்றால் ஒவ்வொருவர் பெயரும் முகமும் அவருக்குத் தெரியும், ஒவ்வொருவர் பக்கத்தையும் தன் கையால் எண்ண முடியும். நானூறு பேர் என்றால் எண்ணுவதற்கு மெஷின் வேண்டும். சின்னதாக வைத்துக்கொண்டதால்தான் பார்க்லி இன்னும் பார்க்லியாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்து பேர் முடித்த பிறகு லாஸ் சும்மா இருப்பாரா? நிறையப் பேர் முடித்தால் பாதையைக் கடினமாக்குவது அங்கே வழக்கம். 2025 மார்ச்சில் ஒருவராலும் ஐந்து சுற்றை எட்ட முடியவில்லை. ஊதுகுழல் ஓயாமல் ஒலித்தது. மூன்று சுற்றை 40 மணி நேரத்துக்குள் முடித்தவர் கெல்லி ஒருவர்தான். அறுபது மைலுக்கு மேல், 36,000 அடி அளவுக்கு ஏற்றம், முழங்காலெல்லாம் முள் கீறல். அந்த மூன்று சுற்றுக்கு பார்க்லியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘ஃபன் ரன்’!